அவர் அங்கே விருந்தாளியாக வந்தவர்

எந்தப் பதிவைப் பற்றி எழுதுகிறேன் என்பது என் பக்கத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். இணைப்பைத் தர மாட்டேன். அதற்கு இன்னும் நான்கு சிரிப்புக் குறிகளைச் சேர்த்துக் கொடுக்கும் பணி எனக்கு வேண்டாம். 1953 ஜூன் 2 அன்று, இரண்டாம் எலிசபெத் முடிசூட்டிக்கொண்ட நாளில், லண்டன் மழையில் திறந்த குதிரை வண்டியில் சென்ற டோங்கா அரசியின் படத்தைப் போட்டு, அதே வண்டியில் வந்த சிறிய உருவமுள்ள மனிதரை அவருடைய மதிய உணவு என்று சொல்லும் எழுபது ஆண்டுப் பழைய நையாண்டியைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பைப் போல எழுதியிருக்கிறார் அந்த நண்பர். அந்த நையாண்டியை நாடக ஆசிரியர் நோயல் கவர்டின் பெயரில் சொல்வது வழக்கம். அதைத் தமிழில் எழுதுவதற்கு எந்தக் கூச்சமும் தேவைப்படவில்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது.

அந்தப் படத்தில் இருப்பவர் ஒரு விருந்தாளி. அழைக்கப்பட்டு, பசிபிக் பெருங்கடலின் நடுவிலிருந்து உலகத்தின் மறுபக்கத்துக்குப் பயணம் செய்து, தன் நாட்டின் சார்பில் வந்த விருந்தாளி. அவருக்குப் பெயர் உண்டு: மூன்றாம் சாலோட்டே டூபோ. 1918-இல், தம் பதினெட்டாம் வயதில் அரியணை ஏறியவர். லண்டனுக்கு வந்தபோது முப்பத்தைந்து ஆண்டுகள் ஆண்ட அனுபவம் அவருக்கு இருந்தது, முடிசூடவிருந்தவருக்கோ வயது இருபத்தேழு. தம் மொழியில் பாடல்கள் இயற்றியவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்குப் போர் விமானங்கள் வாங்குவதற்காக அந்தச் சிறிய தீவுக் கூட்டத்து மக்கள் பணம் திரட்டிக் கொடுத்ததும் அவருடைய ஆட்சியில்தான். இவ்வளவையும் விட்டுவிட்டு, ஆறடி மூன்றங்குல உயரம், பருத்த உடல், கறுத்த நிறம் ஆகிய மூன்றை மட்டும் நம் நண்பர் கண்டெடுத்திருக்கிறார்.

அந்த வண்டி ஏன் திறந்திருந்தது என்று பதிவிட்டவருக்கோ சிரித்தவர்களுக்கோ கேட்கத் தோன்றவில்லை. அன்று லண்டனில் நல்ல மழை, குளிர் வேறு. ஊர்வலத்தில் சென்ற மற்ற வண்டிகளின் கூரைகள் மூடப்பட்டன. உயர்ந்தவராக மதிக்கப்படும் ஒருவரின் முன்னிலையில் தன்னை மூடி மறைத்துக்கொள்வது டோங்கா மரபில் மரியாதைக் குறைவு என்பதால் சாலோட்டே கூரையை ஏற்ற விடாமல், வழிநெடுக நனைந்துகொண்டே, தெருவோரம் தம்மைப் போலவே நனைந்து நின்ற மக்களைப் பார்த்துக் கையசைத்துச் சென்றார். (உடன் வந்தவரின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, பாவம், அவரும் சேர்ந்து நனைந்தார்.) அந்த உடன் வந்தவரும் ஒரு நாட்டவர், ஓர் அரசர், மலாய் அரசுகளில் ஒன்றான கிளந்தானின் சுல்தான் இப்ராகிம். அந்த நையாண்டியில் அவருக்குப் பெயர்கூட இல்லை. அவர் வெறும் தீனி.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பிற நாட்டு மன்னர்கள் பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவுக்கு நேரில் வருவதில்லை என்பது நெடுநாளைய மரபு. சமநிலையில் உள்ள அரசர்கள் இளவரசர்களையோ தூதர்களையோ அனுப்புவார்கள். ஆண்டுகொண்டிருந்த அரசியான சாலோட்டே நேரில் வந்தார் என்பதே, பிரிட்டன் அவரைச் சமமானவராகக் கருதவில்லை என்பதற்கு அடையாளம். டோங்கா யாராலும் கைப்பற்றப்பட்டு ஆளப்பட்ட நாடன்று. 1875-லேயே தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்ட நாடு. 1900-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது, அவ்வளவுதான். இருந்தும் ஊர்வலத்தில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது காலனி நாடுகளின் ஆட்சியாளர்களுடைய வரிசையில். அந்தக் கீழ்வரிசையில் அமர்ந்துகொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், விழா நடத்தியவர்களே எதிர்பாராத அளவுக்கு மரியாதை செலுத்திவிட்டுப் போனவரைப் பார்த்துத்தான் நாம் இன்று விழுந்து விழுந்து சிரிக்கிறோம். நம்முடைய ரசனைக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலாம்.

‘பிரிட்டிஷ் மக்கள் அவரை நேசித்தார்களே, பத்திரிகைகள் புகழ்ந்தனவே’ என்று ஒருவர் எனக்கு விளக்கம் எழுதியிருந்தார். உண்மைதான். பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்த அந்த நாளில், எலிசபெத்துக்கு அடுத்தபடியாக மக்கள் மனத்தில் நின்றவர் அவர்தான் என்றே சொல்லலாம். ஆனால் அந்த நேசத்தில் இன்று மிஞ்சியிருப்பது எது? அவருடைய பாடல் ஒன்றாவது நமக்குத் தெரியுமா? தெரிந்திருப்பது அந்த ஒற்றை வரி மட்டும்தான்.

‘உங்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. என் அத்தை நல்ல உயரம், பருத்த உடல். மாமா அவர் தோளுக்குத்தான் இருப்பார். உறவினர் திருமண வரவேற்பில் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள இருவரும் மேடை ஏறியபோது, இன்னிசைக் குழுவில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் மாமாவைக் காட்டி, ‘அம்மா, இவரைப் பையில் போட்டே கொண்டு வந்திருக்கலாமே’ என்றார். மண்டபமே சிரித்தது. அத்தையும் சிரித்தார். அந்த மணமகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் அத்தை என்பது அங்கே சிரித்த பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எந்தத் திருமணத்திலும் அவர் மேடை ஏறவில்லை. எங்கள் குடும்பத்துப் படத்தொகுப்புகளில் அவர் உட்கார்ந்த நிலையில் மட்டுமே இருக்கிறார். எனவே, ‘சம்பந்தப்பட்டவரே சிரித்துவிட்டார், உனக்கு ஏன் வலிக்கிறது’ என்ற வாதத்தைத் தயவுசெய்து என்னிடம் கொண்டு வராதீர்கள்.

முடியாட்சியை எதிர்ப்பதாகச் சொல்லும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த அரசருக்கும் நான் கொடி பிடிக்கவில்லை. முடியாட்சியை விமர்சிக்க டோங்காவிலேயே காரணங்கள் உண்டு. மக்களாட்சிக் கோரிக்கை தட்டிக் கழிக்கப்பட்டதன் ஆத்திரத்தில் 2006 நவம்பரில் அதன் தலைநகரான நுக்குஅலோஃபாவின் கடைத்தெரு தீக்கிரையானது. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூட்டிக்கொண்டபோது, ரஷ்யா, பெலாரஸ், மியன்மார், ஈரான், சிரியா போன்ற நாடுகளை அழைக்காமல் ஒதுக்கி வைத்த அதே பிரிட்டன், ஆப்பிரிக்க நாடான எஸ்வாத்தினியின் மன்னர் மூன்றாம் முஸ்வாத்தியை வரவேற்று உட்கார வைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அவருடைய நாட்டில் மக்களாட்சி கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். சீனத் துணை அதிபர் ஹான் ஜெங் வந்ததைக் குறித்து ஹாங்காங்கில் மக்களாட்சி உரிமைகள் ஒடுக்கப்பட்டதை முன்வைத்துப் பிரிட்டிஷ் அரசியல்வாதிகளே கேள்வி எழுப்பினார்கள். விருந்தினர் பட்டியலில் பேச இவ்வளவு இருக்கிறது. உங்கள் முற்போக்குக்கு இவை எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பெண்ணின் எடைதான் கண்ணில் பட்டது.

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பவர்கள் 2023-ஐயே எடுத்துக்கொள்ளட்டும். மன்னர்கள் நேரில் வருவதில்லை என்ற பழைய மரபு அப்போது கைவிடப்பட்டது. ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்வீடன் மன்னர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்கு வந்தார்கள். அவர்களோடு லெசோத்தோ மன்னரும், பூட்டான் மன்னரும் அரசியும், சாலோட்டேயின் பேரனான டோங்கா மன்னர் ஆறாம் டூபோவும் வந்தார்கள். 1953-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்த இடத்தில் இம்முறை ஏறத்தாழ 2,300 பேருக்குத்தான் அழைப்பு. நான் அன்று பார்த்த தமிழ் ஒளிபரப்பில் ஐரோப்பிய மன்னர்களுக்குப் பெயர், வம்சம், உறவுமுறை எல்லாம் விரிவாகச் சொல்லப்பட்டன. பூட்டான் இணையர் வந்தபோது ‘பாரம்பரிய உடையில் ஒரு ஜோடி’. அதற்கடுத்து யார் தொப்பி அழகு என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் வகுத்த வரிசை இது. அவர்களில் சிலராவது அதை மாற்றிக்கொள்ள முயலும்போது, நாம் அதைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

நம்மைப் போன்றவர்களும் அந்த வரிசையில் காட்சிப்பொருளாக நின்றவர்கள்தாம். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குச் சென்ற ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், தம் சமய ஒழுக்கம் கெடக் கூடாதென்று ஏறத்தாழ ஆளுயர வெள்ளிக் கொள்கலன்களில் கங்கை நீரைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். எட்வர்டுக்குத் திடீரென அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்ததால் ஜூன் 26-க்கு வைத்திருந்த விழா ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனது. ஐரோப்பிய அரச குடும்பப் பிரதிநிதிகளில் பெரும்பாலானோர் ஊர் திரும்பிவிட்டார்கள். அந்த மகாராஜாவின் நம்பிக்கையோடு எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் ‘தண்ணீர்க் குடத்தோடு வந்த ராஜா’ என்று யாரேனும் வெளிநாட்டவர் எழுதிச் சிரித்தால், நேற்றுச் சிரித்த அதே கூட்டம் இனமானம் பேசிக்கொண்டு வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1953 டிசம்பரில் எலிசபெத் டோங்காவுக்குப் போனார். இம்முறை விருந்தாளி அவர். சாலோட்டே வரவேற்று விருந்தளித்தார். அந்த வருகைப் படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துப் போட்டு எலிசபெத்தின் உருவத்தைக் கேலி செய்யும் துணிச்சல் நம் நண்பருக்கு வராது. வரவும் வேண்டாம், அதுவும் கேலிக்குரியதன்று.

சிரிப்புக் குறி இட்டவர்களில் நான் மதிக்கும் இரண்டு எழுத்தாளர்களும், விருந்தோம்பல் பற்றி மேடைதோறும் பேசும் ஒரு பேராசிரியரும் இருக்கிறார்கள். யாரையும் நட்புப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அந்தப் பதிவின் கீழே அரசியின் பெயரையும் சுல்தானின் பெயரையும் மட்டும் எழுதினேன், வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இன்று காலை பார்த்தபோது அந்தக் கருத்து அழிக்கப்பட்டிருந்தது. பதிவு அப்படியே இருக்கிறது.