போர்டை மாற்றுவதற்கு முன்னால் ரிலேவைக் கேளுங்கள்

சர்ச்சில் கிடார் வாசிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் தன் டியூப் ஆம்பை, அதாவது வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்களால் கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இரண்டு சேனல் ஆம்ப். தெளிவான ஒலி தரும் கிளீன் சேனலில் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஃபுட்ஸ்விட்சை மிதித்தால், கரகரப்பான ஒலி தரும் லீட் சேனலுக்குப் போக வேண்டும். விளக்கு மாறுகிறது, சத்தம் மாறவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒலியை முதல் கட்டத்தில் பெருக்கும் ப்ரீஆம்ப் வால்வுகள் அத்தனையையும் காசு போட்டு மாற்றிவிட்டான். அப்புறம் ஒரு கடையில் காட்டியிருக்கிறான். திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு, 18,000 ஆகும்" என்றார்களாம். சர்க்யூட் போர்டில் எது போனது என்று அவன் கேட்டதற்குப் பதில் இல்லை.

இதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே மனது வலிக்கிறது. சேனல் மாறவில்லை என்பது டியூப் ஆம்பில் வரும் பழுதுகளிலேயே நிதானமாகத் தேடினால் அகப்பட்டுவிடும் பழுது. ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டால் போதும்: மாறு என்ற உத்தரவு போய்ச் சேரவில்லையா, உத்தரவு போயும் ஒலி வரவில்லையா?

1960களில் அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி செய்த ஆம்ப்களில் இந்தக் குழப்பமே கிடையாது. இரண்டு சேனலுக்கும் தனித்தனி இன்புட். வேறு சேனல் வேண்டுமென்றால் கேபிளைப் பிடுங்கி அடுத்ததில் செருக வேண்டியதுதான். காலால் மிதித்து மாற்றும் வசதி வந்தபோதுதான் ஆம்புக்குள் இன்னொரு சின்ன சர்க்யூட் குடியேறியது. ஒலி ஓடும் பாதை 300, 400 வோல்ட்டில் வேலை செய்யும் வால்வுகளின் உலகம். உத்தரவு ஓடும் பாதையோ 5 அல்லது 12 வோல்ட்டில் ஓடும் ரிலேவும் (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி இழுத்துக்கொள்ளும் சுவிட்ச்) டிரான்சிஸ்டரும். பேனலில் எரியும் விளக்கு பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதையின் விளக்கு. அது எரிகிறது என்பதால் ஒலி மாறிவிட்டது என்று அர்த்தம் ஆகாது.

ஆகவே முதல் வேலை, ஃபுட்ஸ்விட்சைக் கழற்றிவிட்டு ஆம்பின் முகப்பில் உள்ள பொத்தானால் மாற்றிப் பார்ப்பது. அதில் மாறினால் ஆம்புக்குள் சேனலை மாற்றும் பகுதி நன்றாக இருக்கிறது. குற்றம் மிதிக்கும் பெட்டியிலோ கேபிளிலோ அதைச் செருகும் ஜாக்கிலோதான். சாதாரண ஃபுட்ஸ்விட்ச் என்றால் உள்ளே ஒரு சுவிட்சைத் தவிர பெரிதாக எதுவும் இருக்காது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் நடுவே பிடித்து மிதியுங்கள். ஒரு மிதிக்குப் பீப் வர வேண்டும், அடுத்த மிதிக்கு நிற்க வேண்டும். சேனலும் ரிவெர்பும் ஒரே பெட்டியில் இருந்தால் அதற்கு ஸ்டீரியோ கேபிள் வேண்டும். அங்கே சாதாரண கிடார் கேபிளைச் செருகினால் இரண்டில் ஒன்று நிரந்தரமாக கிரவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எத்தனை முறை மிதித்தாலும் அது அசையாது. இதற்காகவே ஆம்பைக் கடைக்குத் தூக்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

முகப்புப் பொத்தானிலும் மாறவில்லை என்றால் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஆம்பின் பக்கத்தில் காதைக் கொடுங்கள். ரிலே உள்ள ஆம்ப் என்றால் மெல்லிய "டக்" கேட்க வேண்டும். டக் கேட்டும் லீட் சேனல் செத்துக் கிடந்தால் ஒலிப் பாதையைப் பார்க்க வேண்டும். லீட் சேனல் மட்டும் பயன்படுத்தும் 12ஏஎக்ஸ்7 வால்வை நல்லதாகத் தெரிந்த இன்னொன்றோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். ஒரே ஒரு வால்வு போதும், மொத்த செட்டும் வாங்கத் தேவையில்லை. அதிலும் தீரவில்லை என்றால் ரிலேவின் உள் கான்டாக்ட் கறுத்திருக்கலாம். இரண்டு சேனலிலும் சத்தம் விட்டுவிட்டு வந்தால் எஃபெக்ட்ஸ் லூப்பின் (வெளி எஃபெக்ட் பெட்டிகளை நடுவில் இணைக்கும் வழி) செண்ட், ரிட்டர்ன் ஜாக்குகளை ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். சரியானால் ஜாக்கின் கான்டாக்ட்தான் காரணம். உப்புக்காற்று அடிக்கும் சென்னையில் இது சாதாரணம்.

எல்லா ஆம்பிலும் ரிலே இருக்காது. சிலவற்றில் எல்இடியும் ஒளிக்கேற்ப மாறும் ரெசிஸ்டரும் ஒரே கறுப்பு உறைக்குள் இருக்கும், சிலவற்றில் ஜேஃபெட் என்ற ஒருவகை டிரான்சிஸ்டர் இருக்கும். அவற்றில் டக் சத்தம் கேட்காது, மீட்டர்தான் வழி.

தம்பியின் ஆம்பில் விசித்திரம் என்னவென்றால், என் வீட்டில் அது அழகாக மாறியது. பத்து முறை மிதித்தோம், பத்து முறையும் டக். ஞாயிறு மாலை சர்ச்சில் மட்டும்தான் அடம். அப்படியானால் சர்ச்சில் எது வேறு என்று யோசித்து, மீட்டரோடு நானே போனேன். ஏசி, ஃபேன், விளக்கு எல்லாம் ஓடும் நேரத்தில் சுவர் பிளக்கில் 200 வோல்ட்டுதான் இருந்தது. மிதித்தால் டக்குக்குப் பதில் "டிர்ர்ர்" என்று ஒரு நடுக்கம்.

அவன் ஆம்பில் ரிலேவுக்கான மின்சாரம் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டரின் 6.3 வோல்ட் ஏசியிலிருந்து எடுக்கப்படுகிறது. டயோடுகள் அதை டிசியாக்க, ஒரு கெப்பாசிட்டர் மேடுபள்ளத்தைச் சமன் செய்ய, 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட்டாக்கித் தருகிறது. 230 வோல்ட்டில் ரெகுலேட்டருக்கு முன்னால் ஏழரை வோல்ட்டு கிடைக்கும். சுவரில் 200 ஆனால் அது ஆறு வோல்ட்டுப் பக்கம் இறங்கிவிடும். முழு 5 வோல்ட்டையும் தர 7805க்கோ முன்னால் ஏழு வோல்ட்டாவது வேண்டும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் அமைப்பு. இதில் வால்வுகளின் சூட்டுக்குப் பக்கத்திலேயே பல வருடம் இருந்த கெப்பாசிட்டர் காய்ந்தும் போயிருந்தது. மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றி அதன் மேல் வைத்தேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் ஆடியது. எல்இடிக்கு அந்த மின்சாரம் போதும், ரிலேவின் காயில் சுவிட்சை இழுக்கப் போதாது. விளக்கு மாறியதும் சத்தம் மாறாததும் இதனால்தான்.

எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி கெப்பாசிட்டர் ஒன்று வாங்கினேன். நூறு ரூபாய் கொடுத்து மீதி சில்லறை வந்தது. அதோடு ஃபுட்ஸ்விட்ச் ஜாக்கின் காலில் இருந்த டிரை சால்டரையும் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு) சரி செய்தேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் ஆம்பின் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை இறக்கவும் அளந்து உறுதி செய்யவும் தெரியாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஓட்டவும் வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடலாம். கேபிள், ஃபுட்ஸ்விட்ச், லூப், காது, இவற்றோடு நிறுத்திக்கொண்டாலே பாதி விடை வந்துவிடும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பாகம் போனது என்று பெயர் சொல்லுங்கள். உங்கள் உழைப்புக்குக் கூலி வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். கண்டுபிடிப்பதற்குத்தான் காசு, கெப்பாசிட்டருக்கு இல்லை. ஆனால் தேடாமலே போர்டை மாற்றச் சொல்வது, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆம்ப் வாங்கிய ஒரு பையனுக்குச் செய்யும் அநியாயம். தயாரிப்பாளர்களும் சர்க்யூட் படத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டும். பழைய ஃபெண்டர் பெட்டிகளுக்குள் எந்த இடத்தில் எந்த வால்வு என்று ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். அந்த மரியாதையை இன்றைக்கு வாங்குபவனுக்கும் காட்டலாம்.

போன ஞாயிறு மாலையும் சர்ச்சில் 200 வோல்ட்டுதானாம். "எல்லாப் பாட்டுக்கும் மாறுச்சுண்ணா" என்று போன் செய்தான். மாறும்போது ஸ்பீக்கரில் "பொட்" என்று ஒரு சத்தம் மட்டும் இன்னும் வருகிறதாம். ஒலியை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய ஏதோ ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் டிசியைக் கசியவிடுகிறது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.