இரண்டாவது ஆள் இறங்கியிருக்கக் கூடாது

செப்டிக் டேங்குக்குள் விழுந்தவரைத் தூக்க அடுத்தடுத்து ஆட்கள் இறங்கிய அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி ஷேர் பண்ண விருப்பமில்லை. அதன் கீழே நேற்று ஒரே ஒரு வரி எழுதினேன்: "இரண்டாவது ஆள் இறங்கியிருக்கவே கூடாது." அவ்வளவுதான். இன்று காலை வரை திட்டு வந்துகொண்டே இருக்கிறது. நீயெல்லாம் மனுசனா, உயிரைக் கொடுத்தவனைக் கொச்சைப்படுத்துறியா, ஏசி ரூமில் உட்கார்ந்து பேசாதே. ஒருத்தர் என் பிள்ளைகள் படத்துக்குக் கீழேயே போய்த் திட்டிவிட்டு வந்திருக்கிறார். நல்ல மனிதாபிமானம்!

சரி, கமெண்டில் சுருக்கமாகச் சொன்னதுதான் தப்பு என்றால் விரிவாகவே சொல்கிறேன். இரண்டாவது ஆள் இறங்கியிருக்கக் கூடாது. மூன்றாவது ஆளும்தான். மேலே நின்று "யாராவது இறங்குங்கடா, தூக்குங்கடா" என்று கத்திக்கொண்டே செல்போனில் படம் எடுத்தவர்களைப் பற்றி நான் நேற்று ஒன்றும் எழுதவில்லை, அதற்காக வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஏசி ரூம் ஆளுக்கு முதலில் பதில். நான் வளைகுடாவில் ரிஃபைனரி ஷட்டவுன் வேலைக்குப் போனவன். அங்கே என் வேலைக்குப் பேர் ஹோல் வாட்ச். டேங்குக்குள் ஆள் இறங்கினால் வாசலில் நிற்க வேண்டும், யார் உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று எழுத வேண்டும், சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டால் சும்மா நிற்கிற வேலை. ஆனால் முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பவன் விழுந்தால் நீ உள்ளே போகக் கூடாது, ரேடியோவில் சொல்லு, கயிற்றை இழுக்கிற விஞ்சைச் சுற்று, மற்றவனையும் உள்ளே விடாதே. அவன் உன் கூடப் பிறந்தவனாக இருந்தாலும் சரி. போனால் அன்றோடு வேலை காலி, உயிர் மிஞ்சினால்! கொடூரமாகத் தெரிகிறதா? எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

அந்த விதி ஏன் என்று பார்த்தால், 1986-லேயே அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் எழுதி வைத்திருக்கிறது. இப்படி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் முதலில் விழுந்தவர்கள் இல்லை, காப்பாற்றப் போனவர்கள். அமெரிக்கக் கதை வேண்டாம் என்றால் நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் ஒரே தொட்டியில் ஆறு பேர். வீட்டுக்காரர், அவரைத் தூக்கப் போன மகன்கள், அவர்களைத் தூக்கப் போன அங்கே குடியிருந்தவர்கள். 2025 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் கண்ட்வா மாவட்டத்தில் திருவிழாவுக்காகக் கிணறு சுத்தம் செய்யப் போய் எட்டுப் பேர். எட்டுப் பேருமா கால் வழுக்கி விழுந்திருப்பார்கள்?

2024 ஏப்ரலில் மகாராஷ்டிராவில், அகமத்நகர் மாவட்டம் வாக்கடியில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சாண எரிவாயுவுக்காகச் சாணக் கரைசல் கொட்டி வைத்திருந்த பழைய கிணற்றில் ஒரு பூனை விழுந்துவிட்டது. அதை எடுக்க ஒருத்தர் இறங்கினார், அவர் பின்னால் இன்னொருத்தர், இப்படியே ஐந்து பேர் போய்விட்டார்கள். ஆறாவதாக இறங்கியவர் மட்டும் பிழைத்தார். ஏன்? இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கியிருந்தார், மேலே இருந்தவர்கள் இழுத்துவிட்டார்கள். அவர் மற்ற ஐந்து பேரைவிட தைரியசாலியோ கோழையோ இல்லை. கயிறு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் இத்தனை பேச்சும். செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று ஒரு வாயு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். காற்றைவிட கனமானது, அடியில் தங்கும், கழிவைக் கிளறினால் குப்பென்று மேலே வரும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனாலே மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. "நாத்தம் குறைஞ்சிடுச்சு, இப்ப இறங்கலாம்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐயா, குறைந்தது நாற்றம் இல்லை, உங்கள் மூக்கு. 1000 பங்கு தொட்டால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சுருண்டு விழுவான், கத்தக்கூட நேரம் இருக்காது. முகத்தில் ஈரத் துண்டு கட்டுவதும் கொரோனாவுக்கு வாங்கிய மாஸ்க் போடுவதும் ஒன்றுக்கும் உதவாது. உள்ளே ஆக்சிஜனே இல்லை என்றால் எந்தத் துணி அதை உண்டாக்கும்? முதுகில் சிலிண்டரோடு வருகிற தீயணைப்புக்காரர்தான் இறங்கலாம். உள்ளே நல்ல காற்று இருக்கிறதா என்று விளக்கை இறக்கிப் பார்ப்பது இன்னும் மோசம். அது கிணற்றுக்குப் பெரியவர்கள் வைத்திருந்த வழக்கம், மீத்தேன் என்கிற எரியும் வாயு இருக்கிற தொட்டியில் அதைச் செய்தால் வெடிக்கும்.

இப்போது அந்தக் கேள்வி. "தீயணைப்பு வண்டி வர அரைமணி நேரம் ஆகும், அதுவரை அவன் செத்துப் போயிருப்பானே?" ஆமாம். செத்துப் போயிருக்கலாம். இதற்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை போய்விடும். ஆனால் நீங்கள் இறங்கினாலும் அவன் பிழைக்கப் போவதில்லை, வீட்டுக்கு வருகிற பிணம் இரண்டாகும், அதுதான் நடக்கும். அப்புறம் "உன் மகன் விழுந்திருந்தால் சும்மா நிற்பாயா" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அதனால்தான் இறங்குவதற்கு முன்னாலேயே கயிறு கட்டு என்கிறேன். விழுந்த பிறகு கயிறு தேடுவது மீட்பு இல்லை, தவிப்பு.

என் சித்தப்பா இப்படித்தான் போனார். கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளே திட்டில் இறக்கி வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் கிடையாது, நிறமும் கிடையாது. இன்ஜினை நிறுத்தப் போனவர் சரிந்தார். வரப்பில் நின்ற சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இன்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊரே வந்து அழுதது, தெரு முழுக்கப் போஸ்டர், "தன்னுயிர் ஈந்த தியாகச் செம்மல்". அந்தச் சித்திதான் அப்புறம் பீடி சுற்றி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். போஸ்டர் அடித்தவர்கள் யாரும் ஃபீஸ் கட்ட வரவில்லை. அதனால் வீரன், தியாகி என்று நீங்கள் எழுதும்போது எனக்கு எரிகிறது. செத்தவர் மேல் இல்லை. அவர் நல்ல மனுசன், அதில் சந்தேகமே கிடையாது. நல்ல மனுசனைச் சாகவிட்டுவிட்டு மாலை போடுகிற உங்கள் மேல்தான். இன்றைக்கு அந்தப் பாராட்டைப் படிக்கிற இன்னொரு இருபது வயசுப் பையன் நாளைக்கு இறங்குவான்.

"அரசாங்கத்தைக் கேளு, செத்தவனை ஏன் கேட்கிறே" என்கிறார்கள். கேட்கத்தான் செய்கிறேன். 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைத் தொட்டியில் இறக்கினால், முதல் தடவைக்கே இரண்டு வருசம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக்கியது. 14420-க்கு அடித்தால் கழிவு உறிஞ்சும் லாரிக்கு வழி சொல்வார்கள். இவ்வளவும் இருக்கிறது. ஆனாலும் லாரிக்குக் காசு அதிகம், சந்துக்குள் வராது, அடியில் கெட்டிப்பட்டதை எடுக்காது என்று சொல்லிக்கொண்டு நாம் யாரைத் தேடிப் போகிறோம்? எந்தத் தெருவுக்குப் போகிறோம்? அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், வாயைத் திறந்து சொல்லத்தான் கூச்சம். ஒரு குவார்ட்டரையும் கொஞ்சம் பணத்தையும் கையில் திணித்து "சீக்கிரம் முடிச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். அவர் விழுந்தால் குதிக்கிறவரும் பெரும்பாலும் அவருடைய அண்ணனோ மச்சானோ கூட வந்த பையனோதான். காசு கொடுத்த வீட்டுக்காரர் அந்தத் தொட்டிக்குள் இறங்கிய செய்தி எப்போதாவது படித்தீர்களா? நெமிலியில் ஒருத்தர் இறங்கினார், மறுக்கவில்லை. அது சொந்த வீட்டுத் தொட்டி, பிள்ளைகளும் கூடப் போனார்கள்.

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் நேற்று அந்த வீடியோ வந்தது. கைகூப்பிய எமோஜி வரிசையாக. அதே குரூப்பில்தான் போன மாதம் "லாரி வேண்டாம் சார், எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், கம்மியா முடிச்சுத் தருவான்" என்று ஒருத்தர் போட, அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல் விழுந்தது. நான் எதிர்த்து எழுதினேன். செக்ரட்டரி, சார் எப்பவும் நெகட்டிவாவே பேசுறார் என்றார்.

திட்டுகிறவர்கள் திட்டுங்கள், பிளாக் பண்ண மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டுத் தொட்டியை போன தடவை சுத்தம் பண்ணியது யார், லாரியா ஆளா, ஆள் என்றால் கயிறு கட்டியிருந்தாரா, எவ்வளவு கொடுத்தீர்கள், இதை முதலில் எழுதிவிட்டு அதற்குக் கீழே திட்டுங்கள்.