மாக்சிமிர் கலவரம்தான் யுகோஸ்லாவியப் போரைத் தொடங்கியதா?

குரோஷியத் தலைநகர் சாக்ரெபின் டினமோ அணியும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியும் மோதவிருந்த ஆட்டத்தில்தான், இவ்விரு குடியரசுகளையும் உள்ளடக்கிய யுகோஸ்லாவியா சிதறிய போர் மூண்டது என்றும், அத்துடன் அந்நாட்டுக் கால்பந்து லீக்கே நின்றுபோனது என்றும் பரவும் தகவல் தவறானது. 1990 மே 13 அன்று சாக்ரெபின் மாக்சிமிர் அரங்கில் ரசிகர்கள் மோதிக்கொண்டதும், ரசிகரைத் தாக்கிய காவலரை டினமோ அணித்தலைவர் ஸ்வோனிமிர் போபன் பாய்ந்து உதைத்ததும் உண்மையே. ஆனால் குரோஷியாவில் பலகட்சித் தேர்தல் அதற்கு முன்பே முடிந்து, யுகோஸ்லாவியாவிலிருந்து பிரியும் உணர்வு வலுத்திருந்த சூழலில் வெடித்த அக்கலவரம், பதற்றத்தின் விளைவே தவிர, போரின் காரணம் அன்று. அடுத்த பருவ லீக் முழுமையாக நடைபெற்று, ரெட் ஸ்டார் முதலிடமும் டினமோ இரண்டாமிடமும் பெற்றன. 1991 மே 29 அன்று பாரி நகரில் மார்செய் அணியைப் பெனால்டியில் வீழ்த்தி ரெட் ஸ்டார் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, அதன் முதல் பெனால்டியைக் கோலாக்கியவர் டினமோவிலிருந்து வந்த ராபர்ட் புரோசினெச்கி.