அந்தத் தம்பியை முதலில் குழுவில் திரும்பச் சேருங்கள்

நேற்று ராத்திரி நம்ம சென்னையின் எஃப்சி ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எதைப் பற்றி என்று தெரியும். பார்க்காதவர்கள் விட்டுவிடுங்கள், யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. காலையில் பெங்களூருக்குப் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். பையைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. படுத்தால் தூக்கம் வரவில்லை. இதை எழுதினால்தான் வரும் போலிருக்கிறது.

ஒரு பையன், காலேஜ் ரெண்டாவது வருஷம். நாளைக்குப் பெங்களூருவோடு நாம் ஆடுகிற 2018 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஃபுட்பால் ஃபைனலுக்கு ஒரு படம் வரைந்து போட்டான். நோட்டின் கடைசிப் பக்கம். நீல மையில் நம்ம பதினொரு பேர், கறுப்பு மையில் பெங்களூர்க்காரர்கள். நம்ம லெஃப்ட் பேக் ஜெர்ரி நிற்கிற இடத்தைச் சுற்றி ரெண்டு தடவை வட்டம் போட்டிருந்தான், பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி. பக்கத்தில் பொடி எழுத்தில், "உதாந்தா இங்கதான் ஓடுவான். நெல்சன் இறங்கி வரலைன்னா ஜெர்ரி தனியா மாட்டிக்குவான்." உதாந்தா அவர்களுடைய வலது விங்கர், நெல்சன் நம்ம இடது விங்கர். அவ்வளவுதான் எழுதியிருந்தான். யாரையும் திட்டவில்லை, தோற்போம் என்று சொல்லவில்லை.

அதற்கு வந்த பதில்கள்: "மேட்சுக்கு முன்னாடி இந்த அபசகுனம் தேவையா?" "பெங்களூர்க்காரன் எவ்வளவு குடுத்தான்?" "நம்பிக்கை இல்லாதவன் எதுக்குடா டிக்கெட் வாங்கின?" பத்து நிமிஷத்தில் படத்தைக் காணோம். அரை மணி நேரத்தில் பையனையே காணோம். ஏன் என்று நான் கேட்டேன். "அண்ணே, நீங்க பெரியவரு, நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றார்கள்.

பேசலாம். பேசத்தான் வேண்டும். மேட்சுக்கு முன்னால் நம்ம பலவீனத்தைப் பேசுகிறவன்தான் டீமோடு நிற்கிறவன். இதை இந்தப் பதிவில் பத்து தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவன் சொன்னது தப்பா என்று பார்ப்போம். பெங்களூரு 18 ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்து முதலிடம். நாம் 32 எடுத்து இரண்டாமிடம். எட்டு புள்ளி வித்தியாசம் என்பது சும்மா வருவதில்லை. ஐஎஸ்எல்லுக்கு வந்த முதல் வருஷமே இப்படி ஆடியிருக்கிறார்கள். செமியில் புனேவுக்கு மூன்று கோல், மூன்றும் சேத்ரி. ஃபைனல் அவர்கள் ஊரில், அவர்கள் கண்டீரவா மைதானத்தில். அவர்கள் செமியை 11-ஆம் தேதியே முடித்துவிட்டார்கள். நாம் 13-ஆம் தேதி முடித்தோம். கால் வலி ஆற அவர்களுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. இது அத்தனையும் ஊருக்கே தெரிந்தது. இதை ஒரு பையன் வாய்விட்டுச் சொன்னால் மட்டும் அபசகுனமா?

உதாந்தாவின் ஓட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தை ஒரு தட்டு முன்னால் தட்டிவிட்டு, டிஃபெண்டர் திரும்புவதற்குள் கோட்டோரம் போய் நிற்பான். அங்கிருந்து வருகிற கிராஸுக்கு உள்ளே சேத்ரி. அவர் அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் டிஃபெண்டருக்கு அரை அடி முன்னால் எப்போது பாய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர்கள் ஸ்ட்ரைக்கர் மிக்கு கீழே இறங்கி வந்து நம்ம சென்டர் பேக் ஒருத்தரை இழுத்துவிட்டால் அந்த இடமும் காலி. ஜெர்ரிக்கு வயசு பத்தொன்பது. 2016-லேயே ஐஎஸ்எல்லின் வளரும் வீரர் விருதை வாங்கினவன், நம்ம டீமின் சொத்து. அதனால்தான் அந்தத் தம்பி அவனைச் சுற்றி வட்டம் போட்டான். அது வேண்டாதவனைச் சுற்றிப் போட்ட வட்டம் இல்லை.

இத்தனைக்கும் அந்தத் தம்பி சொன்ன வழியை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. நெல்சனைக் கீழே இறக்கினால் நம்ம கவுன்ட்டர் அட்டாக் அங்கேயே செத்துவிடும். அவர்கள் கோச் ரோகா பின்னால் மூன்று பேரை நிறுத்தி ஆடினால், உதாந்தா மேலே ஏறும்போதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தெருவே காலியாகக் கிடக்கும். நெல்சன் மேலேயே நிற்கட்டும், உதாந்தா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடட்டும். ஜெர்ரிக்குத் துணையாக நடுவிலிருந்து நம்ம கணேஷோ பிக்ரம்ஜித்தோ சரிந்து வர வேண்டும். அப்படிச் சரிந்தால் நடுவில் அவர்கள் மிட்ஃபீல்டர் டிமாஸுக்கு நேரம் கிடைக்கும் என்பீர்கள். கிடைக்கட்டும், நம்ம ராஃபாவும் ஜேஜேவும் முன்னாலிருந்தே அவரை நெருக்கட்டும். அப்புறம் கார்னர். அவர்களுடைய பார்ட்டலு உயரம்தான். ஆனால் நம்ம சென்டர் பேக் மெயில்சனும் செரெனோவும் ஏறிப்போனால் அவர் ஒருத்தரே ரெண்டு பேரைப் பிடிக்க முடியாது. கார்னரை நெல்சன் எடுக்கட்டும், பந்தை ஆறு கஜப் பெட்டிக்கு வெளியே வைக்கட்டும், அவர்கள் கீப்பர் குர்ப்ரீத் கைக்கு எட்டாத இடத்தில்.

பார்த்தீர்களா, ஒரு வட்டத்திலிருந்து எவ்வளவு பேச்சு வருகிறது. நேற்று ராத்திரி முழுக்க நாம் இதைத்தான் பேசியிருக்க வேண்டும். அந்தப் பையனும் நானும் விடிய விடியச் சண்டை போட்டிருப்போம். அந்தச் சண்டைக்காகத்தானே ஐயா குழு?

சரி, "கோச்சுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று ஒரு கேள்வி. தெரியாதுதான். நம்ம கோச் கிரெகரி நம்ம நோட்டைப் பார்த்து டீமை இறக்கப் போவதில்லை. மேட்சுக்கு முந்தின ராத்திரியை வேறு எப்படிக் கழிப்பது, அதைச் சொல்லுங்கள்.

"ப்ளேயர்ஸ் பார்த்தா மனசு ஒடிஞ்சு போவாங்க" என்றார் ஒருவர். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வீரர்களின் பக்கத்துக்கே போய் "நீ நாளைக்குச் சொதப்புவ" என்று எழுதுகிறவனைக் கண்டால் எனக்கும் ஆகாது. இந்தப் பையன் அப்படிச் செய்யவில்லை. நமக்குள் இருக்கிற குழுவில் போட்டான்.

மனசு ஒடிவதைப் பற்றி யார் பேசுவது என்பதுதான் எனக்கு எரிகிறது. பிப்ரவரி 6. நம்ம ஊரில், நம்ம நேரு ஸ்டேடியத்தில், இதே பெங்களூருவிடம் 3-1. ரெண்டாவது நிமிஷமே கோல் வாங்கினோம். நம்ம பிரான்சிஸ் சமன் செய்தபோது கட்டிப்பிடித்துக்கொண்டோம், கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தோம். அன்றைக்கு ராத்திரி குழுவில் நம்ம டிஃபெண்டர்களைப் பற்றி என்னென்ன வந்தது என்று இப்போதும் மேலே தள்ளிப் பார்க்கலாம், யாரும் அழிக்கவில்லை. வீட்டுப் பெண்களை இழுத்துக்கூட வந்தது. அதை எழுதினவர்களில் ரெண்டு பேர்தான் நேற்று அந்தப் பையனுக்கு நம்பிக்கையைப் பற்றிப் பாடம் எடுத்தவர்கள். தோற்ற பிறகு திட்டினால் அது பாசம், ஆடுவதற்கு முன்னால் எச்சரித்தால் துரோகமா?

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முந்தின கதை. வியாசர்பாடியில் ஒரு டோர்னமென்ட், ஃபைனல். நான் லெஃப்ட் பேக். எதிர் டீமில் ஒல்லியாக ஒருத்தன், வலது விங்கில். வெளியே போவது போல் தோளைக் காட்டிவிட்டு உள்ளே வெட்டி இடது காலால் அடிப்பான். எனக்கு அது தெரியாது. எங்கள் டீமில் ஒருத்தனுக்குத் தெரியும், அவன் அவர்களுடைய செமியைப் பார்த்திருந்தான். மேட்சுக்கு முன்னால் ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது "டேய், அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தான். கேப்டன், "மேட்சு நேரத்துல பயமுறுத்தாத, வாய மூடு" என்றான். அவனும் வாயை மூடிக்கொண்டான்.

2-0. ரெண்டும் என் பக்கத்திலிருந்து. ரெண்டும் ஒரே மாதிரி, தோள் வெளியே, கால் உள்ளே. முடிந்ததும் தண்ணீர் கேன் எல்லார் கைக்கும் போனது, என்னிடம் வரவில்லை. ஷூவை கேரி பேகில் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தேன். ரெண்டு நாள் கழித்து அந்த நண்பன் வந்து, "எனக்கு அப்பவே தெரியும்டா, அவன் உள்ளதான் வருவான்னு" என்றான்.

தோற்றதுகூட மறந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியம் மறக்கவில்லை. தெரிந்திருந்தும் என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள். "பயமுறுத்தாதே" என்று சொன்ன கேப்டன்தான் அன்றைக்கு என்னை முதலில் திட்டியவன். பலவீனத்தைப் பேசாதே என்றால் பலவீனம் போய்விடுவதில்லை. அது அந்த ஓரத்தில் நிற்கிற ஒருத்தன் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்தது, எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிற 2015. "அன்னைக்கு என்ன கணக்குப் போட்டா ஜெயிச்சோம்? நம்பிக்கைதான ஜெயிச்சது?" 2015-ஐப் பற்றி என்னிடம் பேச வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளம் வந்து எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வருஷம் அது. சுவரில் அந்தக் கோடு பெயின்ட் அடித்தும் லேசாகத் தெரிகிறது. செமியை நம்ம ஊரில் ஆட முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 அடித்தோம். ஃபைனல் அன்று எங்கள் டிவி தண்ணீரில் போயிருந்தது, பக்கத்து வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1. ரெண்டு பேர் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்கள். 90-வது நிமிஷம் பந்து கோவா கீப்பர் கட்டிமணி கையால் அவர்கள் வலைக்குள்ளேயே போனது. அடுத்து நம்ம மென்டோசா அடித்தார். கீழே போனவர்கள் செருப்புகூடப் போடாமல் படியேறி ஓடி வந்தார்கள். நான் அழுதேன். அந்த மாதம் முழுக்க அழாதவன், அந்த கோலுக்கு அழுதேன்.

அதனால் நம்பிக்கையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்த மாடியில் 88-வது நிமிஷத்தில் நாங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தோம் தெரியுமா? "இவனுங்க டிஃபென்ஸ் களைச்சுட்டாங்க, மென்டோசாவுக்கு முன்னாடி தூக்கிப் போடுங்கடா" என்றுதான். நம்பிக்கையும் அந்தப் பேச்சும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தன.

போன டிசம்பரில் பெங்களூரில் 2-1 ஜெயித்தோமே, அதையும் பாருங்கள். ஜேஜே அஞ்சாவது நிமிஷம். 85-ல் சேத்ரி சமன் செய்கிறார், கண்டீரவா அதிர்கிறது, 88-ல் கணேஷ். தன்பால் கணேஷ், எங்கள் வியாசர்பாடிப் பையன். அந்த ஊரில், அந்தச் சத்தத்தில் ஜெயிக்க முடியும் என்று காட்டியாயிற்று. எங்கே அடி விழும் என்று தெரிந்துகொண்டு போனால் நாளைக்கும் முடியும். இதைத்தான் அந்தப் பையனும் சொன்னான், அவன் பாணியில், நீல மையில்.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. அடுத்த மாதம் ரெண்டு வருஷத்துக்குப் பிறகு சிஎஸ்கே திரும்பி வருகிறது. எனக்கும் சந்தோஷம்தான். அப்போது இதே ஆட்கள் பவர்ப்ளேயில் யார் போட வேண்டும், எவனுக்கு ஷார்ட் பால் ஆகாது என்று மணிக்கணக்கில் எழுதுவார்கள். அப்போது அதற்குப் பெயர் கிரிக்கெட் அறிவு. ஃபுட்பாலில் ஒரு பத்தொன்பது வயசுப் பையன் அதையே செய்தால் அவன் கைக்கூலி. இந்த ஊரில் ஃபுட்பாலுக்கு ஆள் சேர்க்க நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும். நேரு ஸ்டேடியத்தில் காலிச் சீட்டைப் பார்த்து வயிறு எரிந்த ராத்திரிகள் எத்தனை? படம் வரைகிற அளவுக்கு ஆட்டத்தைப் பார்க்கிற ஒருத்தன் தானாக வந்து சேர்ந்தான். அவனை வெளியே தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்து "வீ ஆர் சாம்பியன்ஸ்" என்று ஸ்டிக்கர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

"ஒரு வாட்ஸ்அப் மேட்டரை இவ்வளவு பெருசாக்கணுமா?" என்பீர்கள். அவன் இன்று சாயங்காலம் எனக்கு போன் செய்தான். "அண்ணே, நான் டீமுக்கு எதிரா எதுவும் சொல்லலண்ணே" என்றான். ரெண்டு தடவை சொன்னான். ஃபைனலுக்கு முந்தின நாள் ஒரு ரசிகன் இப்படிக் கெஞ்ச வேண்டியிருந்தால் அது பெரிய மேட்டர்தான்.

அட்மின்கள் இதைப் படித்தால், விடிவதற்குள் அவனைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். சேர்த்தால் போதும், அவன் ஒன்றும் கேட்க மாட்டான். சேர்க்காவிட்டாலும் காலையில் அவன் என்னோடுதான் வருகிறான், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். நெல்சன் விஷயத்தில் ஜோலார்பேட்டை வருவதற்குள் அவனை ஒத்துக்கொள்ள வைக்கிறேனா இல்லையா பாருங்கள்.

நாளைக்கு உதாந்தா ஒரு தடவை தாண்டத்தான் போகிறான். அது கோலாகவும் போகலாம். போனால் நாங்கள் ரெண்டு பேரும் எழுந்து நின்று ஜெர்ரி பெயரைச் சொல்லிக் கத்துவோம். நீங்களும் கத்துங்கள்.