அந்த டிரக் முன்னால் அழுத அக்காவைப் பற்றி

நேற்று ராத்திரியிலிருந்து அந்த வீடியோ டைம்லைனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த வீடியோ என்று விளக்க வேண்டியதில்லை, என் நட்புப் பட்டியலிலேயே பாதிப் பேர் சிரிப்பு எமோஜி போட்டிருந்தீர்கள். ‘ட்வைலைட்’ என்கிற வேம்பயர் (ரத்தம் குடிக்கும் காட்டேரி) காதல் கதை நடக்கிற அமெரிக்க ஊரான ஃபோர்க்ஸில், பார்வையாளர் மையத்துக்கு வெளியே நிற்கிற அந்தப் பழைய சிவப்பு ஷெவி டிரக், கதாநாயகி பெல்லா ஓட்டுகிற மாதிரியானது. அதன் பானட்டில் கை வைத்து அழுகிறார் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றி, சட்டைக் கையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்கிறார். பின்னணிக்கு வடிவேலு டயலாக் வெட்டி ஒட்டிவிட்டார் நம்ம ஆள் ஒருவர். எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

அவர் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்? சொந்தக் காசில் டிக்கெட் போட்டு, தனக்குப் பிடித்த கதை நடக்கிற ஊருக்குப் போனார், அழுதார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

‘ட்வைலைட்’ உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கிழித்துத் தொங்கவிடுங்கள். படித்தவளை விட்டுவிடுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், காலேஜ் ஹாஸ்டலில் அந்தப் புத்தகத்தோடுதான் இருந்தேன். பிளாட்பாரத்தில் வாங்கிய திருட்டு அச்சு, நடுவில் சில பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கும். ஊரை விட்டு முதல் தடவையாக வந்து, யாரிடமும் பேச வாய் வராமல் கிடந்தவளுக்கு, புது ஊரில் அப்பாவோடு திருதிருவென்று முழிக்கிற பெல்லாவைப் புரிந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒருநாள் வகுப்பில் ஒரு பேராசிரியர் அதை என் மேசையிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, “இதெல்லாம் படிச்சா மூளை வளரும்னு நினைக்கிறீங்களா?” என்றார். அறுபது பேர் சிரித்தார்கள். பின்வரிசையில் துப்பறியும் பாக்கெட் நாவல் வைத்திருந்த பையனை அவர் எதுவும் கேட்கவில்லை.

“இது சும்மா ஜோக், ஏன் சீரியஸா எடுத்துக்கறீங்க?” என்று ஒருத்தர் வருவார். வருவார், எனக்குத் தெரியும். இந்த ‘ஜோக்’ புதிதில்லை. 2009இல் காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் சான் டியேகோ காமிக்-கான் விழாவில், ‘ட்வைலைட்’டின் இரண்டாவது படமான ‘நியூ மூன்’ நிகழ்ச்சிக்காகப் பெண்கள் முன்னாடியே வந்து வெளியே படுத்துக் கிடந்தார்கள். ‘ட்வைலைட் காமிக்-கானைக் கெடுத்துவிட்டது’ என்று அட்டை பிடித்து நின்றார்கள் சிலர். எந்த இடத்தில்? வளர்ந்த ஆண்கள் கேப் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளோடு உலவுகிற இடத்தில்! அவர்கள் செய்தால் கலாச்சாரம், பதினாறு வயதுப் பெண் போஸ்டர் பிடித்தால் பைத்தியம். பெல்லாவின் வேம்பயர் காதலன் எட்வர்ட் கல்லனாக நடித்த இதே ராபர்ட் பாட்டின்சன்தான் அடுத்த பேட்மேன் என்று 2019இல் செய்தி வந்ததும், ‘வேண்டாம், மாற்றுங்கள்’ என்று ஆன்லைனில் கையெழுத்து வேட்டை நடத்தியவர்களை யாரும் ‘வெறி பிடித்த ரசிகர்கள்’ என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

“எழுத்தே சரியில்லையே” என்பார்கள் அடுத்து. சரி. எட்வர்டின் அழகைப் பற்றி, கதையை எழுதிய ஸ்டெபனி மேயர் அம்மா பக்கம் பக்கமாக எழுதுவது எனக்கும் தெரியும், நானும் வேகமாகப் புரட்டியிருக்கிறேன். ராத்திரியில் பெல்லாவுக்குத் தெரியாமல் அவன் ஜன்னல் வழியாக வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது காதலா என்று ஹாஸ்டலில் விடிய விடிய சண்டை போட்டிருக்கிறோம். அந்த ரசிகைகள் கேட்காத கேள்வி எதையும் நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பகுதியில் நிஜமாகவே வாழும் கிலியூட் பழங்குடியினரைக் கதையில் ஓநாய்களாக்கிக் காசு பார்த்தது பற்றிய விமர்சனம் நியாயமானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வடிவேலு டயலாக் ஒட்டியவர் கிலியூட் மக்களுக்காகத்தான் ஒட்டினார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெல்லாவாக நடித்த கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டை ரசிகர்கள் படுத்திய பாடு? படுத்தியவர்களிடம் போய்க் கேளுங்கள். நான் படுத்தவில்லை.

அப்புறம் இந்தப் ‘பைத்தியங்கள்’ என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். ஃபோர்க்ஸ் சுமார் மூவாயிரம் பேர் வாழும் மரம்வெட்டி ஊர், அந்தத் தொழில் படுத்துப்போய்க் கிடந்தது. மழை அதிகம் பெய்கிற ஊர் எது என்று தேடித்தான் ஸ்டெபனி மேயர் அதைப் பிடித்தார். 2010இல் மட்டும் அங்கே வந்தவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். இன்றைக்கும் பெல்லாவின் பிறந்தநாளான செப்டம்பர் 13ஐ ஒட்டித் திருவிழா நடக்கிறது. முதல் படத்தை 3.7 கோடி டாலரில் எடுத்தார் கேத்தரின் ஹார்ட்விக், உலகம் முழுக்கச் சுமார் 40 கோடி வந்தது. ஒரு பெண் இயக்குநரின் படத்துக்கு அமெரிக்காவில் அதுவரை கிடைத்த மிகப் பெரிய முதல் வார வசூல் அது. அடுத்த நான்கு படங்களை யார் இயக்கினார்கள் தெரியுமா? எல்லோரும் ஆண்கள். டிக்கெட் வாங்கக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வேண்டும். சரி, அதை எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

என் அம்மா மாத நாவல் படிப்பார். அட்டை மேல் செய்தித்தாள் சுற்றி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்பார். வீட்டில் யாரும் தடை போட்டதில்லை, அப்பா கோபக்காரரும் இல்லை. சிரிப்பார், அவ்வளவுதான். விருந்தாளிகள் முன்னால் “இவ காதல் கதையில பி.எச்.டி.” என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பார். உலை கொதிக்கும்போது நின்றபடியே நாலு பக்கம் படித்துவிட்டு மறுபடி ஒளித்து வைப்பார். அப்பா அரசியல் பத்திரிகையை ஹாலில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு படித்தார், அதற்கு யாரும் செய்தித்தாள் சுற்றவில்லை. “அன்பா கேலி பண்றதுகூடத் தப்பா?” என்று கேட்பவர்கள், நாற்பது வயதுக்காரி ஒருத்தி தன் வீட்டிலேயே ஒரு புத்தகத்தை ஏன் ஒளித்து வைத்தாள் என்று கொஞ்சம் யோசித்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

இந்தச் சனிக்கிழமை ஐந்து படங்களையும் வரிசையாகப் போடப் போகிறேன். வர விரும்புபவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சுண்டல் உண்டு. ‘ட்வைலைட்’ வேம்பயர்கள் வெயிலில் ஜொலிப்பதைப் பற்றிய ஜோக்கைக் கமெண்டில் போட வருபவர்களுக்கு: அது 2008லேயே பழசாகிவிட்டது, பிளாக் செய்வேன்.