உங்கள் முடிவுக்குக் கர்த்தரைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "கர்த்தர் ஏற்ற வேளையில் வாசலை அடைத்தார், ஸ்தோத்திரம்" என்று போட, அதற்குக் கீழே வரிசையாக ஆமென் விழுந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணம். ஆலயத்தில் மூன்று தடவை வாசிக்கும் கல்யாண அறிவிப்பில், அதாவது ஓலையில், இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளை வீட்டிலிருந்து சபைப் போதகரான ஐயருக்கு போன். காரணம் என்னவென்றால், உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரிக்கு வெளிப்பாடு வந்ததாம், கர்த்தர் நேரடியாகத் தெரியப்படுத்தினாராம். "இந்தக் காரியத்தில் சமாதானம் இல்லை." பெண்ணின் அப்பா நேரில் போய்க் கேட்டதற்கும் அதே பதில்தான். கர்த்தரே சொல்லிவிட்டார், நாங்கள் என்ன செய்ய?

பெண்ணைப் பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். வேறு நல்ல இடம் வந்ததா, வந்தது என்று சொல்லுங்கள். இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில் பவுன் பேச்சு எப்படிப் போனது என்று இரண்டு வீட்டாருக்கும் தெரியும். அந்தச் சகோதரிக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். மனுஷர் சொன்னால் மனுஷரிடம் திருப்பிக் கேட்கலாம். கர்த்தர் சொன்னார் என்றால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பாள்?

"உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்பதற்கு ஞாயிறு பள்ளியில் கெட்ட வார்த்தை பேசக்கூடாது, சத்தியம் பண்ணக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நம்முடைய முடிவை எடுத்து அதற்குக் கீழே அவர் பெயரைப் போடுவதை விட வீணிலே வழங்குவது வேறு என்ன இருக்கிறது?

உடனே, ஆட்டுத்தோலைப் போட்டுக் கர்த்தரிடம் அடையாளம் கேட்ட கிதியோனைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள். வரட்டும். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் மேலேயிருந்து படியுங்கள். தோலைப் போடுவதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. பயந்துபோய்த்தான் கேட்கிறான், அதுவும் இரண்டாம் தடவை கேட்கும்போது கோபித்துக்கொள்ளாதேயும் என்று கெஞ்சிக்கொண்டு கேட்கிறான். கொடுத்த வாக்கை உடைக்க அவன் அடையாளம் கேட்கவில்லை.

ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கிணற்றடியில் அடையாளம் கேட்டான், கல்யாண விஷயம்தானே என்பீர்கள். கேட்டான், கிடைத்தது. அதற்குப் பிறகும் ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்டார்களே, அதை யாரும் பிரசங்கிப்பதில்லை. இங்கே அந்தப் பிள்ளையை எவர் கேட்டார்?

நிச்சயம் ஆன ஒரு மாப்பிள்ளைக்குச் சொப்பனத்தில் தூதன் வந்த கதையும் வேதத்தில் இருக்கிறது. தள்ளிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவனிடம் "மரியாளைச் சேர்த்துக்கொள்ள ஐயப்படாதே" என்றார். மத்தேயு முதல் அதிகாரம். நம் ஊரில் மட்டும் ஏனோ எல்லாச் சொப்பனமும் தள்ளிவிடச் சொல்லியே வருகிறது.

இந்த அடையாளம் தேடும் பழக்கம் புதிதல்ல, தெரியும். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இருந்த மொரேவிய சபையார் கல்யாணத்துக்கே சீட்டுப் போட்டுப் பார்த்தவர்கள். 1760இல் அவர்களுடைய மிஷனரிகள் நம் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். நாளுக்கொரு வசனம் என்று 1731இலேயே அச்சுப்போட்டவர்களும் அவர்கள்தான், இன்று வரைக்கும் வருகிறது. ஆனால் சீட்டு விழுந்த பிறகும் பெண் மாட்டேன் என்று சொல்லலாம். அந்தக் கல்யாணச் சீட்டையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களே விட்டுவிட்டார்கள். நாம் அதைக் கண்ணால் காணாத சீட்டாக்கி, ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறோம். (வருஷப் பிறப்பன்று ஆளுக்கொரு வசனமாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் இயேசு சொன்னதுதான். அந்த அட்டை இதுவரை யார் கைக்காவது வந்திருக்கிறதா?)

இப்போது வரும்: "நீ சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பேர்க் கிறிஸ்தவள், உனக்கு ஆவிக்குரிய அனுபவம் இல்லை." சரி, இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு வேறொரு அனுபவம் இருக்கிறது.

எங்கள் அப்பா கிட்னி கெட்டு டயாலிசிஸில் இருந்தபோது ஜெபிக்க வந்த ஒரு சகோதரர், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இந்த ஐயா எழுந்து நடந்து ஆலயத்துக்கு வருவதைக் கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்றார். அம்மா அதை நம்பினாள். அப்பாவும் நம்பினார், அதுதான் தாங்க முடியாதது. கடைசி வாரம் வரைக்கும் வெள்ளை வேட்டியை எடுத்துவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கத்துக்கு அதே சகோதரர் வந்தார். கட்டிப்பிடித்து அழுதார். போகும்போது, "வீட்டில் யாரோ ஒருவருடைய அவிசுவாசம் குறுக்கே நின்றுவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரோ ஒருவர். என் அம்மா அது தானேதான் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். அன்றைக்கு டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்போமா என்று சொன்னது நான்தானே என்று இன்றைக்கும் சொல்லுகிறாள். என்ன வசனம் காட்டினாலும் கேட்பதில்லை.

1 இராஜாக்கள் 13ஐ எடுத்துப் படியுங்கள். அங்கே சாப்பிடாமல் திரும்பி வா என்று கர்த்தர் சொல்லி அனுப்பிய ஒரு தேவமனுஷனிடம், "உம்மைப்போல நானும் தீர்க்கதரிசிதான்", உம்மை வீட்டுக்கு அழைத்துவரத் தூதன் சொன்னான் என்று ஒரு கிழவன் பொய் சொல்கிறான். நம்பிப் போனவனைச் சிங்கம் கொல்லுகிறது. பொய் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடக்கத்துக்கு வந்து "ஐயோ, என் சகோதரனே" என்று புலம்புகிறான். சின்ன வயதில் இது ஏன் வேதத்தில் இருக்கிறது என்று புரியவே இல்லை. அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு புரிந்தது.

வெளிப்பாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. அகபு என்ற தீர்க்கதரிசி, எருசலேமில் இப்படித்தான் கட்டுவார்கள் என்று காட்ட, பவுலின் கச்சையை எடுத்துத் தன்னையே கட்டிக்கொண்டு சொன்னான், நடந்தது. பவுல் அதைக் கேட்டுவிட்டும் எருசலேமுக்குத்தான் போனார். ஒருவர் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அவர்தான். நம் சபையில் நிதானித்தது யார்? கமிட்டியா? ஐயரா? ஆமென் போட்டவர்களா?

"அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே" என்று 105ஆம் சங்கீதத்தைக் கமெண்டில் ஒட்டப்போகிறவர்களுக்கு: அது ஊர் ஊராகப் பரதேசியாய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்காக ராஜாக்களைப் பார்த்துச் சொன்னது. இந்தக் கதையில் ராஜா யார், நாதியற்று நிற்பது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டார் யார் என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், சொல்ல மாட்டேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியது பெண் வீடு. மண்டபக்காரர் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பதைப் பற்றி மட்டும் இதுவரை ஒருவருக்கும் வெளிப்பாடு வரவில்லை. வந்தால் பெண்ணின் அப்பாவுக்கு நேராகவே போன் பண்ணுங்கள்.