அமில்கார் கப்ரால் அதிபராக இருந்ததில்லை

மேற்கு ஆப்பிரிக்காவில் போர்ச்சுகலின் காலனியாக இருந்த கினி-பிசாவில் விடுதலைக் கட்சியைக் கட்டி நடத்திய தலைவர் அமில்கார் கப்ரால். "கினி-பிசாவ் விடுதலை பெற்றதும் அமில்கார் கப்ரால் முதல் அதிபரானார், 1980-ல் ராணுவப் புரட்சியில் பதவியிழந்தார்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அது அமில்காரின் வரலாறன்று. ஒரே தந்தைக்குப் பிறந்த அவருடைய தம்பி லூயிஸ் கப்ராலின் வரலாறு.

அமில்கார் தன் நாட்டின் விடுதலையைப் பார்க்கவே இல்லை. 1973 ஜனவரி 20 இரவு, அண்டை நாடான கினியின் தலைநகர் கொனாக்ரியில், மனைவியுடன் வீடு திரும்பிய அவரை வழிமறித்தவர்கள் கட்டி இழுத்துச் செல்ல முயன்றார்கள். கட்டுப்பட மாட்டேன் என்று அவர் மறுக்கவே, வீட்டருகிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் போர்ச்சுகீசியச் சிப்பாய்கள் அல்லர், அவருடைய சொந்தக் கட்சியினர் என்பதுதான் இன்றும் மனத்தை அறுக்கிறது. போர்ச்சுகலின் ரகசியக் காவல்துறைக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். எட்டு மாதம் கழித்து, செப்டம்பர் 24 அன்று கட்சி தானாகவே விடுதலையை அறிவித்தபோதுதான் லூயிஸ் பொறுப்பேற்றார். போர்ச்சுகல் அதை ஏற்க 1974 செப்டம்பர் ஆயிற்று.

அமில்காரின் பெருமைக்கு அதிபர் பதவி தேவையுமில்லை. வேளாண் பொறியாளரான அவர், 1953-ல் காலனி அரசுக்காக வேளாண் கணக்கெடுப்பு நடத்தியபோது ஊர் ஊராகச் சென்று, எந்த இனத்தார் எங்கே என்ன பயிரிடுகிறார்கள், நிலம் யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் நேரில் அறிந்தார். பத்தாண்டு கழித்து அந்தக் கிராமங்களிடையே கெரில்லாப் போரைக் கட்டியெழுப்ப அவருக்குக் கைகொடுத்தது இந்த அறிவுதான்.